செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26: பத்தாம் வகுப்பு (1985) முன்னாள் மாணவர் சங்கம், மன்னார்குடி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், உடன் பயின்ற நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இவ்வாண்டு நம் சங்கம் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றுதான். அது பள்ளியை விட்டு வெளியேறிய நாற்பதாம் ஆண்டில் நடந்த நம் சந்திப்பு. எனவே இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே இருக்கும். அதில் நான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அது பலருக்கும் தெரிந்ததே என்றாலும், சங்கத்தின் ஏட்டில் ஏற வேண்டும் என்பதால் உரிய இடத்தில் எழுதியிருக்கிறேன்.

முதலில் நாள் குறித்த கதை. பொங்கலை ஒட்டி வைக்கலாம் என்று சிலரும், மே விடுமுறையில் வைக்கலாம் என்று சிலரும் சொல்லிவந்த நிலையில், மே 11ஆம் தேதி கூடிய செயற்குழு ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தது. அன்று ஆடி 11. "ஆடியில் போய் யாராவது விசேஷம் வைப்பார்களா?" என்று கேட்டவர்களுக்கு அப்போது சொன்ன விடையையே இங்கும் பதிவு செய்கிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை; ஆகவே "அன்றைக்குச் சம்பந்தி வீட்டுக் கல்யாணம்" என்று எவரும் சொல்ல முடியாது, சமையற்காரரும் பந்தல்காரரும் சும்மா இருப்பார்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, ஜூலைக் கடைசிக்குள் குறுவை நடவு பெரும்பாலும் முடிந்துவிடும் என்பதால் விவசாயம் பார்க்கும் நண்பர்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கும். அடுத்த ஞாயிறு ஆடிப்பெருக்கு. அன்று நம் ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரையை விட்டுப் பள்ளிக்கூடத்திற்கு வருவார்கள் என்று எதிர்பார்ப்பதே தவறு.

ரயிலும் ஒரு காரணம். நாம் படித்த காலத்தில் நம் ஊருக்கு ரயில் கிடையாது. 1976இல் நின்றுபோன நீடாமங்கலம்–மன்னார்குடி ரயில் 2011இல்தான் திரும்ப வந்தது. பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை ரயில் பார்க்க வேண்டுமானால் நாம் நீடாமங்கலம் போக வேண்டியிருந்தது. இப்போது சென்னையில் இருப்பவர்கள் சனிக்கிழமை இரவு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஞாயிறு காலை நம் ஊரிலேயே இறங்கலாம். ஆனால் முன்பு 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டதால், மே 27ஆம் தேதி காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் நாள் முடிவாகாவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று நான் கெடுபிடி செய்தது சிலருக்கு மனவருத்தம் தந்திருக்கலாம். அன்று காலை எட்டரை மணிக்கெல்லாம் பதினொரு பேர் பயணச்சீட்டின் படத்தைக் குழுவில் போட்டபோது அந்த வருத்தம் தீர்ந்திருக்கும் என நம்புகிறேன்.

இனி, ஆட்களைத் தேடிய கதை. இவ்வாண்டின் உழைப்பில் முக்கால் பங்கு இதற்கே போயிற்று. ஏப்ரல் மாதத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் நாற்பத்தெட்டு பேர். அதுதான் நம் வகுப்பு என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்து அனுமதி பெற்று, சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 126 பேர் இருந்தது தெரிந்தது. பதிவேட்டில் சாதி முதலிய விவரங்கள் இருப்பதால் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்; அது சரியான முடிவு. நானும் இணைச் செயலாளரும் இரண்டு பிற்பகல்கள் அலுவலக அறையில் உட்கார்ந்து பெயர், தலைப்பெழுத்து, தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை மட்டும் கையால் எழுதிக்கொண்டோம்.

நம்மவர்களைத் தேடுவதில் உள்ள சங்கடம் அப்போதுதான் விளங்கிற்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும்தான். ஒரே பெயரில் மூவர், இருவர் என இருந்தார்கள். அக்காலத்தில் அவர்களை ஊர்ப்பெயரால்தான் பிரித்தறிந்தோம்: பாமணிக்காரன், சேரங்குளத்தான், வடுவூரான். நாற்பது ஆண்டு கழித்து முகநூலில் தேடும்போது வடுவூரானை எப்படிக் கண்டுபிடிப்பது? பெண்கள் நிலை இன்னும் கடினம். நம் வகுப்பில் பெண்கள் 44 பேர். திருமணத்திற்குப் பின் பலருக்குத் தந்தையின் தலைப்பெழுத்து போய்க் கணவரின் தலைப்பெழுத்து வந்துவிட்டது; பதிவேட்டில் உள்ள பெயரில் இன்று அவர்கள் எங்கும் இல்லை. இப்பணியை நம் உறுப்பினர்களான இரண்டு பெண்கள் ஏற்றுக்கொண்டு, தந்தை பெயரையும் ஊரையும் வைத்துத் தாய்வீடுகளுக்கே நேரில் போனார்கள். வீடு கைமாறிய இடங்களில் ரேஷன் கடையிலும் பெட்டிக்கடையிலும் விசாரித்தார்கள். ஒரு வீட்டில் அண்ணன் என்பவர், தங்கையின் எண்ணைத் தர முடியாது, வேண்டுமானால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் அந்தத் தங்கையே அழைத்துப் பேசினார். இப்படியாக 33 பெண்களோடு பேச முடிந்தது. இது ஆண்கள் குழு எட்டாத விகிதம் அன்று என்றாலும், அதற்கு அவர்கள் பட்ட பாட்டில் கால்வாசி நாங்கள் படவில்லை.

கிடைத்தவர்கள் எல்லோரும் வர விரும்பினார்கள் என்று சொன்னால் அது பொய். "நான் வந்து என்ன செய்யப்போகிறேன், எல்லாம் பெரிய ஆட்களாக இருப்பீர்கள்" என்ற பேச்சைப் பல குரல்களில் கேட்டேன். ஆகவே செயற்குழு சில முடிவுகளை எடுத்தது. அழைப்பிதழில் எவருடைய பதவியும் படிப்பும் இடம்பெறவில்லை. பொன்னாடை ஆசிரியர்களுக்கு மட்டுமே. மேடையில் நம்மவர் யாரும் அமரவில்லை. தலைக்கு 1,500 ரூபாய் என்ற பங்கு பொருளாளரின் கணக்கில் நேராகச் சேர வேண்டும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது அவருக்கு மட்டுமே தெரியும், செயலாளருக்கும் தெரியாது. தன் நிறுவனத்தின் பெயரோடு பந்தல் செலவு முழுவதையும் ஏற்பதாக ஒரு நண்பர் முன்வந்ததை ஏற்காததற்குக் காரணமும் இதுவே. அவர் அதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டு, காலையில் நாற்காலி போடவும் வந்து நின்றார்.

சந்திப்பு நாளன்று வகுப்புத் தோழர்கள் 71 பேரும், குடும்பத்தினரும், நமக்குக் கற்பித்த ஆசிரியர்கள் மூவரும் வந்திருந்தனர். நடக்க இயலாத கணித ஆசிரியரை முந்திய நாளே கும்பகோணத்தில் அவர் வீட்டில் ஐந்து பேர் சென்று பார்த்து வந்தோம். நிகழ்ச்சி நிரல் என்று நான் அச்சடித்து வைத்திருந்த தாள் பத்தரை மணிக்கே பயனற்றுப் போயிற்று. யாரும் உட்காரவில்லை, ஒலிபெருக்கியை யாரும் கேட்கவில்லை. அதைக் குறையாக எழுதவில்லை. 1984 அக்டோபர் 31ஆம் தேதி இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி வந்து பள்ளியை விட்டு அனுப்பியதும், பேருந்து ஓடாமல் வடுவூர்ப் பிள்ளைகள் நடந்தே ஊர் சேர்ந்ததும் மட்டும் ஒரு மணி நேரம் பேசப்பட்டது. அன்று வழியில் தண்ணீர் கொடுத்த வீடு எது என்பதில் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

பந்தியில் நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எண்பதைத் தாண்டிய நம் அறிவியல் ஆசிரியர், இலை போட்டதும் எழுந்து நின்று, அந்தப் பழைய குரலில், "சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையை எல்லாரும் போட்டாயிற்றா?" என்று கேட்டார். வரிசை முழுவதும் கைகள் சட்டைப் பைக்கும் கைப்பைக்கும் போயின. மறந்து வந்த ஒருவர் வீட்டுப்பாடம் எழுதாதவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அசோகா அல்வாவில் பாதிக்கு மேல் மிஞ்சியதன் காரணமும் இதுவே. அடுத்த முறை இனிப்பைப் பாதியாகச் சொன்னால் போதும் என்பது அனுபவம்.

இனி என் பிழை. நுழைவாயிலின் இடப்புறம், மறைந்த நண்பர்களின் பெயர்களைத் தாங்கிய ஒரு பதாகை வைத்திருந்தோம். மொத்தம் 14 பெயர்கள். காலை ஒன்பதே முக்கால் மணிக்கு வெள்ளை வேட்டியில் ஒருவர் மனைவியோடு வந்து அதன் முன் நின்று, கையில் செருப்பைப் பிடித்தபடியே மேலிருந்து கீழாகப் படித்தார். ஒன்பதாவது பெயரில் விரலை வைத்து, "இது நான்தானே?" என்றார். அவர் முப்பது ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நாம் அவரை அழைக்கவே இல்லை. குலதெய்வக் கோயிலுக்காகச் செம்மொழி எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்தவர், பேருந்து நிலையத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத் தானாக வந்தார்.

நடந்தது இதுதான். ஒரே பெயரில் இருவர், தலைப்பெழுத்தும் ஒன்றே, ஊர் மட்டும் வேறு. "அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சே" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, எந்த ஊர்க்காரர் என்று கேட்காமல் நான் எழுதிக்கொண்டேன். மற்றவரைத் "தகவல் இல்லை" என்ற பட்டியலில் சேர்த்தேன். திருப்பூர் நண்பர் சிரித்துவிட்டார். பதாகையின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். மாலையில் அதைச் சுருட்டித் தன்னோடு எடுத்துப் போகவும் அனுமதி கேட்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்குமே, ஐயா" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

உண்மையில் மறைந்தவர் மற்றவர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நானும் தலைவரும் அவர் வீட்டிற்குச் சென்றோம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அவர் மகள், அப்பாவின் பள்ளிப் படம் எதுவும் வீட்டில் இல்லை என்றார். 1985 மார்ச்சில் எடுத்த வகுப்புப் படத்தில் பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மறு வாரம் கொடுத்து வந்தோம். மறைந்தவர்களின் எண்ணிக்கை அன்றும் 14, இன்றும் 14. அதில் ஒரு பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இனி எவர் மறைவையும் தந்தை பெயர், ஊர் ஆகியவற்றோடு இருவர் உறுதி செய்து, குடும்பத்தாரிடம் நேரில் கேட்ட பிறகே ஏட்டில் எழுதுவது என்று செப்டம்பர் செயற்குழு தீர்மானித்துள்ளது.

பள்ளிக்குச் செய்த பணி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். "1985" என்று பொறித்த நுழைவு வளைவு கட்ட வேண்டும் என்று ஒரு சாராரும், வேறு ஏதேனும் செய்யலாம் என்று ஒரு சாராரும் இருந்தனர். தலைமையாசிரியரையே கேட்டோம். மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் பழுது, மூன்று கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார். வளைவு பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டதால் அதில் உறுப்பினராகியுள்ள நம் நண்பர், குழுவின் தீர்மானம் பெற்று வேலையை முன்னின்று முடித்தார். அக்டோபர் மழைக்கு முன் தண்ணீர் வந்துவிட்டது.

கணக்கு விவரம் வருமாறு. 64 பேர் தந்த பங்குத்தொகை 96,000 ரூபாய். உணவு 31,200, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி 14,500, ஆசிரியர்களுக்கு வேட்டி, சேலை, பொன்னாடை 9,800, குழுப்படம் 8,900, வாகனம் முதலியன 5,400, அச்சு மற்றும் பதாகை 4,700 என மொத்தச் செலவு 74,500 ரூபாய், மீதம் 21,500. பள்ளிப் பணிக்கென்று தனியாக வந்த நன்கொடை 1,38,000 ரூபாய், செலவு 1,31,600, மீதம் 6,400. ஆக 27,900 ரூபாய் சங்கத்தின் வங்கிக் கணக்கில் உள்ளது. மகளுக்குக் கொடுத்த படத்தின் செலவை நானே ஏற்றுக்கொண்டதால் அது இதில் சேரவில்லை. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொதுக்குழு ஏற்றபின், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்படும்.

126 பேரில் 103 பேரோடு இன்று நமக்குத் தொடர்பு உண்டு. இன்னும் தகவல் இல்லாதவர்கள் ஒன்பது பேர். அவர்களில் எழுவர் பெண்கள். அவர்களுடைய பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி இக்கூடத்தின் வாசற்கதவில் ஒட்டியிருக்கிறேன். சாப்பிடப் போகும் முன் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை படித்துவிட்டு, தெரிந்ததை இணைச் செயலாளரிடம் சொல்லிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்