கோடு அழிந்த இடத்தில் அபராதம் செல்லுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோ பார்க்கிங் பகுதியில் காரை நிறுத்தியதாக எனக்கு ஓர் அபராதச் சீட்டு வந்தது. தொகை பெரிதன்று, கட்டிவிட்டு மறந்திருக்கலாம். ஆனால் அங்கே நிறுத்தக் கூடாது என்பதை ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் எதுவும் ஒழுங்காக இல்லாதபோது, தெரிவிக்க வேண்டியவர்களின் தவறுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி மனத்தை விட்டு அகலாததால் ஆட்சேபம் எழுதினேன். அது நிராகரிக்கப்பட்ட விதமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

அந்தச் சாலையின் ஓரத்தில் மஞ்சள் கோடு உண்டு. எப்போதோ கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டி, மூடி, மேலே புதுத் தார் போட்டிருக்கிறார்கள். அதனால் ஏறத்தாழ மூன்று கார்கள் நிற்கக்கூடிய நீளத்துக்குக் கோடு காணாமற்போய், அதன்பின் மீண்டும் தொடங்குகிறது. தார் வெட்டின் ஓரங்கள் நேராக இருப்பதால், வண்டி நிறுத்துவதற்கென்றே இடம் விட்டுக் கோடு வரைந்ததைப் போலத் தோன்றுகிறது. சற்றுத் தள்ளியுள்ள கம்பத்தை ஏதோ வண்டி இடித்திருக்க வேண்டும். அதிலுள்ள பலகை சாலையைப் பார்க்காமல் சுற்றுச்சுவரைப் பார்த்து நிற்கிறது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், இருட்டிய பிறகு வந்த நான் அந்த இடைவெளியில்தான் காரை நிறுத்தினேன்.

மழையைச் சாக்காகச் சொல்லவில்லை. சாலைக் கோடுகளுக்கான பூச்சில் நுண்ணிய கண்ணாடி மணிகளைச் சேர்க்கிறார்கள். முகப்பு விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பி அனுப்புபவை அவைதாம். டயர்கள் தேய்த்துத் தேய்த்து மணிகள் உதிர்ந்துபோன கோடும், மழைநீர் படலமாக மூடிய கோடும் இரவில் ஏறக்குறைய இல்லாத கோடுகளே. நேர்மாறான தொல்லையும் உண்டு. நீக்க வேண்டிய பழைய கோட்டைச் சுரண்டி எடுக்காமல் கறுப்புப் பூச்சால் மறைத்துவிட்டால், ஈரத்தில் அந்தக் கறுப்பே பளபளத்து ஒரு கோடாகத் தெரியும். வெயிலில் வந்து பார்வையிடும் அதிகாரிக்கு இவ்விரண்டும் எளிதில் புலப்படுவதில்லை.

1968ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான, சாலைப் பலகைகள் மற்றும் சைகைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை, ஓட்டுநர்கள் எளிதாகவும் உரிய நேரத்திலும் அடையாளம் காணும்படி பலகைகளை வைக்க வேண்டும் என்கிறது. அதன்படி, நீலப் பின்னணியில் ஒற்றைச் சிவப்புப் பட்டை சாய்வாக இருந்தால் வண்டியை நிறுத்திவைக்கத் தடை. இரு பட்டைகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் நிற்கவே தடை. ஆளை இறக்கவோ சரக்கை ஏற்றவோ தேவையான நேரம் நிற்பது முதல் வகைத் தடையை மீறியதாகாது. வேறு குறிப்பு இல்லாவிட்டால், பலகைக்கு நேராகத் தொடங்கும் தடை அடுத்த சாலைச் சந்திப்பு வரை, பலகை இருக்கும் பக்கத்துக்கு மட்டுமே செல்லும். எல்லா நாடுகளும் இந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்பதும், சேர்ந்த நாடுகளிலும் நுணுக்கங்கள் மாறும் என்பதும் உண்மைதான். ஆயினும் இத்தனை நுணுக்கமாக எல்லை வகுக்க வேண்டியிருப்பதே, தடை ஓர் ஆணையில் பிறந்தாலும் ஓட்டுநரிடம் அது பலகை வழியாகவும் கோட்டின் வழியாகவும்தான் வந்து சேர்கிறது என்பதால்தான். எனக்கு வந்த அபராதச் சீட்டில் 'நிறுத்தத் தடை' என்று இருந்தது. ஆட்சேபத்துக்கு வந்த பதிலில் அதுவே 'நிற்கத் தடை' ஆகிவிட்டது. விதித்தவர்களுக்கே எது என்று தெளிவில்லாத தடையை, சுவரைப் பார்த்து நிற்கும் பலகையிலிருந்து நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டுமாம்.

சீட்டுடன் ஆதாரமாக மூன்று படங்கள் இருந்தன: நம்பர் பிளேட், முன்சக்கரம், கண்ணாடியில் ஒட்டப்பட்ட சீட்டு. கோடும் பலகையும் ஒன்றில்கூட இல்லை. என் கார் அங்கே நின்றதை நான் மறுக்கவே இல்லை. அங்கே தடை தெரிந்ததா என்பதுதான் வழக்கு. அதற்கு எந்தப் படமும் இல்லை. பதிலிலோ 'தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்ற ஒற்றை வரிக்கு மேல் காரணமும் இல்லை. வண்டியையும், அதற்குப் பொருந்தும் பலகையையோ கோட்டையோ ஒரே படத்தில் காட்ட முடியாத அபராதத்தை விதிக்கவே கூடாது என்பது என் கோரிக்கை. ஊழியருக்கு இதனால் கூடுதல் வேலை என்று எதுவும் இல்லை. நான்கடி பின்னால் நகர்ந்து ஒரு படம் எடுத்தால் போதும். படத்தில் பலகை அகப்படவில்லை என்றால், அதைப் பழுது என்று உரிய பிரிவுக்குத் தெரிவிக்கவும் அந்தப் படமே உதவும்.

சந்திப்பின் முனையிலும் பாதசாரிகள் கடக்கும் இடத்திலும் வண்டியை விட்டுச் செல்பவர்களுக்காக நான் வாதாடவில்லை. அங்கெல்லாம் நிறுத்தக் கூடாது என்பது ஓட்டுநர் உரிமம் பெறும்போதே படித்த பாடம். பலகை இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை. பலகையையும் கோட்டையும் மட்டுமே நம்பி இயங்கும் தடைகளைப் பற்றியே பேசுகிறேன்.

என்னைப் போல் மாட்டிக்கொண்ட வாசகர்களுக்கு ஒரு சொல். சீட்டைக் கண்டவுடன் வண்டியை எடுக்காமல், ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து சாலை தெரியும்படியும், வந்த திசையிலிருந்து பலகை எப்படித் தெரிகிறது என்பது விளங்கும்படியும் படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மறுவாரம் போனால் கோடு புதிதாகப் பூசப்பட்டிருக்கலாம். அப்போது உங்கள் சொல்லுக்குச் சாட்சி இராது. தடைக்கு அடிப்படையான ஆணையின் நகலையும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் எழுத்து மூலம் கேளுங்கள். விரைவாகக் கட்டினால் தொகை குறையும் என்ற சலுகை இருக்குமானால், ஆட்சேபம் தெரிவித்தபின் அது நீடிக்குமா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். நியாயம் தம் பக்கம் இருந்தும் பலர் பணம் கட்டிவிடுவது இந்தச் சலுகையை இழக்க அஞ்சித்தான்.

என் மேல்முறையீட்டின் மீது இன்னும் முடிவு வரவில்லை. இன்று காலை அவ்வழியே சென்றபோது பலகை சுவரைப் பார்த்தபடியே நின்றது. அந்தத் தார் வெட்டின் மேல் இரண்டு கார்கள் நின்றிருந்தன, அவற்றில் ஒன்றின் கண்ணாடியில் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்