ஜன்னல் வச்ச சிப்பும் உங்க ஞாயிறு மலரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் ஞாயிறு மலர்ல ஒரு பக்கம் முழுசா குவாண்டமும் ஆன்மிகமும்னு கட்டுரை போட்டிருந்தீங்க. குவாண்டம்னா அணு, எலெக்ட்ரான் அளவுல நடக்கறதச் சொல்ற பௌதிகம். கலர் படம் வேற, ஒரு மனுஷன் தலைக்குள்ள நட்சத்திரமெல்லாம் சுத்துது, படம் நல்லாதான் இருந்துச்சு. மூணாவது பத்தியில ஒரு வரி. நாம் பார்க்கும்போதுதான் எலெக்ட்ரான் உருவாகிறது, ஆகவே மனம் நினைத்தால் பொருளை மாற்றலாம், நோயையும் மாற்றலாம். ஆகவேயாம்! இந்த ஒரு ஆகவேக்காகத்தான் ராத்திரி பத்து மணிக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஃபோன்ல ஒத்த விரலால தட்டிக்கிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்குங்க, போன தடவ மாதிரி அர்த்தத்தத் திருத்தாம இருந்தாப் போதும்.

போன தடவ என்னன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2019 மே மாசம் 20ஆம் தேதி கிலோகிராமோட வரையறையே மாறிச்சு, பாரீஸ் பக்கத்துல பெட்டகத்துல வச்சிருந்த உலோகக் கட்டிய விட்டுட்டு குவாண்டத்துக்கு அடிப்படையான பிளாங்க் மாறிலிங்கற எண்ண வச்சு எடையச் சொல்ல ஆரம்பிச்சாங்க. அதப் பத்தி நான் எழுதின கடிதத்த பிரசுரிச்சீங்க, நன்றி. ஆனா அந்த எண்ண 6.626 பெருக்கல் 1034னு போட்டீங்க. 10க்கு மேல அடுக்கா மைனஸ் 34 இருக்கணும் ஐயா. மைனஸும் போச்சு, மேல இருந்த 34ம் எறங்கி வந்து 10க்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிச்சு. அந்த எண் அவ்வளவு சின்னதா இருக்கறதாலதான் குவாண்டம் ஆட்டம் பெரிய சாமான்ல தெரியாம, கோப்பிக் கப்ப மேசையில வச்சா வச்ச எடத்துல இருக்கு. நீங்க போட்ட எண் நெசமா இருந்தா உங்க ஆபீஸ் எங்க இருக்குன்னு தபால்காரனாலகூட சொல்ல முடியாது. திருத்தம் போடுங்கன்னு ரெண்டு தடவ ஃபோன் பண்ணேன், பாக்கறோம் ஐயான்னாங்க, இன்னும் பாத்துக்கிட்டே இருக்கீங்க. பாத்தாதான் உருவாகும்னு கட்டுரையில சொல்லிட்டு இத்தன வருஷமாப் பாத்தும் என் மைனஸ் மட்டும் உருவாகவே இல்ல.

நான் படிச்சவன் இல்ல. மலேசியாவுல பாடாங் செராய் பக்கத்துல ரப்பர் தோட்டத்துல பொறந்தவன், அம்மா பால்மரம் சீவினாங்க, விடியறதுக்கு முன்ன பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கறதுக்கு, எழுந்து பழகின வீடு. 1981ல பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல ஒரு சிப்பு ஃபேக்டரியில வேலைக்குச் சேந்தேன். அப்ப பினாங்குப் பாலம் கெடையாது, அது 1985லதான் தெறந்தாங்க, பட்டர்வொர்த்துல ஃபெர்ரி ஏறிப் போகணும், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வரப்ப ஃபெர்ரியிலயே தூங்கிட்டு திரும்பவும் பினாங்குக்கே போனதும் உண்டு. மொத மூணு வருஷம் எனக்குக் குடுத்த வேல அழிக்கிற வேல. அந்தக் காலத்து மெமரி சிப்புக்கு மேல கட்டவெரல் நகம் அளவுல வட்டமா ஒரு ஜன்னல் இருக்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் ஆனா குவார்ட்ஸ். உள்ள எட்டிப் பாத்தா சதுரமா சிலிக்கான், ஓரமெல்லாம் தலமுடிய விட மெல்லிசாக் கம்பி. அதுல எழுதின தகவல் எல்லாம் சுத்தியும் ஆக்சைடு போட்டு மூடின ஒரு எடத்துல எலெக்ட்ரானா மாட்டிக்கிட்டு இருக்கும். டெஸ்ட் முடிஞ்சதும் தட்டுத் தட்டா அடுக்கி புற ஊதா லைட்டுப் பெட்டிக்குள்ள தள்ளுவேன், இருவது நிமிஷத்துல எல்லா எலெக்ட்ரானும் கெளம்பிப் போயிரும், சிப்பு காலி.

புதுசா வந்த ஒரு பையன் இதுக்கு எதுக்கு தனிப் பெட்டின்னு கேட்டு ஒரு தட்ட மேச லைட்டுக்கு அடியில ராத்திரி முழுக்க வச்சிட்டான். காலையில படிச்சுப் பாத்தோம், ஒரு பிட்டுகூட மாறல. பல்பு வெளிச்சம் அந்தப் பெட்டி வெளிச்சத்த விட கண்ணுக்கு எவ்வளவோ அதிகம். என்ஜினியர் ஒரு சீனரு, அவருதான் சொன்னாரு, வெளிச்சம் பொட்டலம் பொட்டலமா வருது, புற ஊதாப் பொட்டலம் ஒவ்வொண்ணுலயும் கிட்டத்தட்ட 4.9 எலெக்ட்ரான் வோல்ட் சக்தி இருக்கு, செவப்பு வெளிச்சத்துப் பொட்டலத்துல ரெண்டு கூடத் தேறாது, எலெக்ட்ரான் சுவரத் தாண்டணும்னா ஒரே பொட்டலத்துலயே அந்தச் சக்தி கெடைக்கணும், சில்லற சேத்துக் கட்ட முடியாதுன்னு. ஐன்ஸ்டைன் 1905ல சொன்னது இதுதான், 1921க்கான நோபல் பரிசும் அவருக்கு இதுக்குத்தான் குடுத்தாங்க, எல்லாரும் நெனைக்கற மாதிரி சார்பியலுக்கு இல்ல.

இப்ப உங்க கட்டுரைக்கு வர்றேன். அந்தப் பெட்டி மேல ஒரு கண்ணு படம் வரைஞ்சு குறுக்க செவப்புக் கோடு போட்டு ஒட்டியிருந்தாங்க, லைட் எரியறப்ப பாக்கக் கூடாது, பாத்தா கண்ணு போயிரும். மூணு வருஷத்துல எத்தன ஆயிரம் சிப்ப அழிச்சிருப்பேன், ஒரு எலெக்ட்ரானையும் நான் பாக்கல, மனசாலயும் நெனைக்கல, நான் அப்ப நெனைச்சதெல்லாம் காண்டின் நாசி லெமாக்கத்தான். அதுங்க பாட்டுக்குப் போச்சு.

குவாண்டத்துல பாக்கறதுன்னு சொன்னா அது கண்ணாலயோ மனசாலயோ பாக்கறது இல்ல, அளக்கறது. வெளிய இருக்கற ஏதாவது ஒண்ணு எலெக்ட்ரானோட ஒரசி அது எந்தப் பக்கம் போச்சுங்கற தடயத்த வாங்கிக்கிட்டா போதும், அந்த ஏதாவது ஒரு மிஷினா இருக்கலாம், காத்து மூலக்கூறா இருக்கலாம், ஒரு துளி வெளிச்சமா இருக்கலாம். 2004ல வியன்னாவுல செஞ்சே காட்டிட்டாங்க. 70 கார்பன் அணு சேந்த மூலக்கூற சல்லட மாதிரிச் சந்து வழியா அனுப்பினா அலை மாதிரி வரி விழுது. அதே மூலக்கூற நல்லா சூடு பண்ணி அனுப்பினா சூட்டுக்குத் தானாவே வெளிச்சம் விடுது, அந்த வெளிச்சமே அது போன பாதையக் காட்டிக் குடுத்துருது, வரி மங்கி அழிஞ்சு போகுது. அங்க எந்த மனசு ஒக்காந்து தியானம் பண்ணிச்சு?

இதுல எல்லாம் தீந்து போச்சுன்னு நான் சொல்ல வரல. நீல்ஸ் போர்ங்கற விஞ்ஞானியும் ஐன்ஸ்டைனும் இதப் பத்திப் போட்ட சண்ட இன்னும் ஓயல. குவாண்டத்துக்குச் சமன்பாடு எழுதின ஷ்ரோடிங்கர் 1935ல சொன்ன பூனைக் கதை, பெட்டிக்குள்ள பூனை ஒரே நேரத்துல செத்தும் உயிரோடயும் இருக்குங்கற கதை, நக்கலுக்குச் சொன்னது, உங்க எழுத்தாளர் அதயே வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு. விக்னர்னு ஒருத்தரு 1961ல மனசுக்குத்தான் இதுல பங்குன்னு எழுதினாரு, நோபல் வாங்கினவரு, அப்புறம் அவரே அந்தக் கருத்த விட்டுட்டாரு. அளக்கறப்ப நெசமா என்ன நடக்குதுங்கறது இன்னைக்கும் தத்துவக்காரங்க மண்டைய ஒடைக்கிற கேள்விதான். ஷ்ரோடிங்கர் உபநிஷத்துல ஊறினவருதான், அதப் பத்தி எழுதியும் இருக்காரு, ஆனா சமன்பாட்ட ஒரு பக்கமும் வேதாந்தத்த ஒரு பக்கமும் வச்சாரு. ரெண்டையும் கொழச்சு உருண்ட புடிச்சுக் கஸ்டமர் கையில குடுக்கல.

ரெண்டு துகள் பின்னிக் கெடந்தா தூரத்துல இருந்தாலும் ரெண்டையும் அளந்த முடிவு ஒத்துப் போகும், அதனால தூரத்துல இருக்கற அண்ணன் மனசு தம்பிக்குத் தெரியும்னு வேற எழுதியிருக்கு. 2022ல ஆஸ்பே, கிளாசர், ஸைலிங்கர் மூணு பேரும் அந்தப் பின்னலுக்குத்தான் நோபல் வாங்கினாங்க, ஆனா அத வச்சு ஒரு சேதியும் அனுப்ப முடியாது. என் தம்பி ஜொகூர்ல இருக்கான். பின்னல் எல்லாம் இருந்தும் ஃபோன் பண்ணாத்தான் பேசறான், அதுவும் ரெண்டாவது தடவ பண்ணா.

இவ்வளவு கோவம் எதுக்குன்னு நீங்க நெனைக்கலாம். என் வீட்டுக்காரிக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி. சில வருஷத்துக்கு முன்ன ஒரு மண்டபத்துல ஆரோக்கியக் கூட்டம்னு போனா, 380 வெள்ளிக்கு குவாண்டம் தட்டுன்னு ஒண்ணு வாங்கிட்டு வந்தா. சின்ன ரொட்டி அளவு, எவர்சில்வர், நடுவுல தாமரை மாதிரி வட்ட வட்டமாக் கோடு. அதுக்கு மேல தண்ணி வச்சுக் குடிச்சா ரத்தத்துல அதிர்வு சரியாயிருமாம். நான் காந்தத்த வச்சுப் பாத்தேன், ஒட்டுச்சு, அவ்வளவுதான் அதுல இருந்த குவாண்டம். எனக்குத் தெரியாம நாலு மாசம் மாத்திரைய நிறுத்திட்டா. எடது கால்ல ரெண்டு வெரல எடுத்தாங்க. இப்பவும் கேட்டா தட்டு வித்த அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுச்சுங்கறா. 2021 டிசம்பர்ல நெதர்லாந்து அணுசக்திப் பாதுகாப்பு ஆணையம் குவாண்டம்னு பேர் போட்ட பதக்கத்தோட சேத்து பத்து சாமான்ல கதிர்வீச்சு வருது, போடாதீங்க, எடுத்து வச்சிருங்கன்னு சொல்லிச்சு. அதப் படிச்ச அன்னைக்கே அந்தத் தட்ட டப்பாவுல போட்டு மோட்டார் கொட்டாயிக்குப் பின்னாடி வச்சிட்டேன். உங்க கட்டுரைக்குக் கீழயே கால் பக்கத்துக்கு அதே மாதிரி ஒரு பதக்கத்துக்கு விளம்பரம். தற்செயல்னு நம்பறேன். நம்பச் சொல்லித்தானே கட்டுரையும்.

நம்மவங்க பெருமை வேணும்னா வேற எவ்வளவோ இருக்கு. சந்திரசேகர் 1930ல பத்தொன்பது வயசுல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்ப, செத்த நட்சத்திரத்த எலெக்ட்ரான் நெருக்கம் எவ்வளவு கனம் வரைக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டாரு, இன்னைக்கு அது சூரியனப் போல 1.4 மடங்குன்னு சொல்றாங்க, அந்த எல்லைக்கு இன்னைக்கும் அவரு பேருதான். அவரோட சித்தப்பா ராமன் பொறந்தது திருச்சியில. உங்க கட்டுரை மாதிரி சித்தர்கள் சொல்லாதத அவங்க வாயில திணிக்கறதுக்குப் பதிலா இதப் போட்டிருக்கலாம். படிவம் 5 பௌதிகப் புத்தகத்துல ஏழாவது பாடமே குவாண்டம்தான், என் பேத்தி இந்த வருஷம் எஸ்.பி.எம்.ங்கற பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எழுதுறா. உங்க பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. தாத்தா பரீட்சையில மனசுன்னு எழுதலாமான்னு கேக்கறா, நான் என்னத்தச் சொல்ல.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல ரெண்டு வரி. பார்ப்பது என்று வந்தது அளப்பது என்று இருக்க வேண்டும், நோயை மாற்றலாம் என்பதற்கு குவாண்டத்தில் ஆதாரம் இல்லை, மருந்தை நிறுத்த வேண்டாம். எடம் இருந்தா 2019ல விட்டுப்போன மைனஸையும் போட்டுருங்க.

இப்படிக்கு,
பாடாங் செராய் வாசகன்,
ஓய்வுபெற்ற டெஸ்ட் லைன் டெக்னீசியன்

பி.கு.: வீட்டுக்காரிக்குக் கண்ணும் மங்கிடுச்சு. ராசிபலன் எழுத்தக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்றா. எனக்கு இதுல சம்பந்தம் இல்ல, சொல்லச் சொன்னா சொல்றேன்.