தண்டை ஒடித்துப் பார்

அன்புள்ள கண்ணம்மா,

தரையோடு படர்ந்திருப்பது பருப்புக்கீரைதானா, பறிக்கலாமா என்று படம் அனுப்பிக் கேட்டிருந்தாய். படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். போய்க் குனிந்து பார்.

முதலில் தண்டை ஒடி. வெள்ளையாகப் பால் கசிந்தால் அது பருப்புக்கீரையே இல்லை, அம்மான் பச்சரிசி இனத்தில் ஏதோ ஒன்று. அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்கு எரியும், கண்ணில் படவே கூடாது. உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. இரண்டும் ஒரே மண்ணில் பின்னிக்கொண்டு வளரும். ஒரு செடியை ஒடித்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கைநிறைய அள்ளிவிடாதே, ஒவ்வொரு தண்டாகப் பறி.

பால் இல்லை என்பது மட்டும் போதாது. தண்டு உருண்டு, சதைப்பிடிப்பாக, முடியில்லாமல் வழவழவென்று இருக்கும். இலை தடித்து, அடியில் குறுகி நுனியில் அகன்று கரண்டி மாதிரி இருக்கும். மஞ்சள் பூ, பெரும்பாலும் 5 இதழ், வெயில் ஏறினால்தான் விரியும். முற்றிய காய் மூடி கழன்று கறுப்பு விதையைப் பொடி மணலாகக் கொட்டும். இதில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் விட்டுவிடு. ஆடு மேய்கிறது, குருவி கொத்துகிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. அதுகள் வயிறு வேறு.

சாலையோரம், சாக்கடைப் பக்கம், மருந்து அடித்த நிலம் என்றால் நல்ல கீரையும் வேண்டாம். வேர் உறிஞ்சிய ஈயம் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது.

நுனியில் 2 அங்குலம் கிள்ளினால் போதும். கணுவில் மணல் ஒளிந்திருக்கும், 3 தண்ணீரில் அலசு. தாராளமாகத் தண்ணீர் கொதித்த பிறகு கீரையைப் போட்டு, 3 நிமிடத்தில் வடி. சிறுநீரகத்தில் கல் சேர வழிசெய்யும் ஆக்ஸாலிக் அமிலம் இந்தக் கீரையில் உண்டு, அதில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். சத்து என்று அதில் சூப் வைக்காதே. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இந்தக் கீரையே ஆகாது.

இதே வைத்தியத்தைக் காட்டுச் சேம்பிடம் காட்டிவிடாதே. அதில் இருப்பது ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகம், தண்ணீரில் கரையாது. அரைவேக்காட்டில் வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். இப்போதைக்கு அதன் பக்கமே போகாதே.

முதல் நாள் 2 கரண்டிக்கு மேல் சாப்பிடாதே, அன்றைக்கு வேறு புதுக்கீரையும் சேர்க்காதே. வேர், பூவோடு ஒரு பச்சைச் செடியை ஈரத்துணியில் சுற்றி மறுநாள் வரை ஃப்ரிட்ஜில் வை. வாய் எரிந்தாலோ வாந்தி வந்தாலோ அந்தச் செடியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு.

அன்புடன்,
அம்மா