சும்மா இருந்த கட்டைவிரலுக்கு வேலை தந்த சாருக்கும், மற்ற எல்லாருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

ஆடி மாதம் என் வலது தோளுக்கு நேர்ந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடியும் இங்கே விவரிக்க எனக்கு மனமில்லை. நேற்று 31 பக்கக் கிரயப் பத்திரம் ஒன்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து முடித்து, மாலை ஐந்து மணிக்குள் வக்கீல் குமாஸ்தாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த 31 பக்கங்களிலும் வலது முழங்கை என் விலாவை விட்டு ஒருமுறைகூட விலகவில்லை. இரவு வலி மாத்திரை இல்லாமல் தூங்கி, விடிந்ததும் முதல் வேலையாக இந்த மடலை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் என் தட்டச்சு நிலையத்துக்கு வேலை வருவதே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையால்தான். 2004 ஜூலையில் கிளை திறந்த பிறகு, யானைமலையைப் பார்த்தபடி இந்தச் சாலையில் உட்கார்ந்து பத்திரங்களையும் சிட்டா அடங்கல்களையும் மொழிபெயர்த்துப் பிழைக்கிற பலரில் நானும் ஒருத்தி. ஆடிக்குப் பிறகு எனக்கு விரல்கள் பத்தும் மிஞ்சின, ஆனால் வலது தோள் மிஞ்சவில்லை. கையைப் பக்கவாட்டில் ஒரு சாண் நகர்த்தினாலே கண் இருட்டும். அந்த ஒரு சாண் தூரத்தில்தான் மவுஸ் இருந்தது. இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன், இரண்டே வாரத்தில் இடது மணிக்கட்டும் வீங்கியது. கடையை மூடிவிடலாம் என்று நான் சொன்ன இரவு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

அந்த நாட்களில் வாய்தா நெருங்கியும் அவசரப்படுத்தாமல் காத்திருந்த குமாஸ்தாக்கள், வீட்டுக்கே வந்து தோளுக்குப் பயிற்சி கொடுத்த சகோதரி, மூன்று மாதம் தினமும் எனக்குத் தலை பின்னிவிட்ட நாத்தனார், வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத கட்டட உரிமையாளர், ஷேர் ஆட்டோவில் எப்போதும் எனக்கு இடப்பக்க ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்த ஓட்டுநர் ஆகிய உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதக் கடமைப்பட்டவள் நான். இப்போதைக்கு இந்த ஒரே கும்பிடை எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பொறியியல் படிக்கும் தம்பிகள் மூவரும் செய்தது பெரிய காரியம். என்னுடைய பழைய 4 ஜிபி மடிக்கணினியைத் துடைத்துவிட்டு அதில் ஆர்ச் லினக்ஸ் ஏற்றினார்கள். கனடாவைச் சேர்ந்த ஜட் வினெட் 2002-இல் வெளியிடத் தொடங்கிய இயங்குதளம் அது என்றார்கள். என் தொழில் மொழியில் சொன்னால், மற்றவை கட்டி முடித்த வீடுகள், ஆர்ச் ஒரு காலி மனை. நிறுவப் போனால் ஒரு கருப்புத் திரையும் கட்டளைக்காகக் காத்திருக்கும் ஒரு வரியும்தான் தெரியும். கணினியின் வன்தட்டைப் பிரிப்பதிலிருந்து எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லாவற்றையும் நாமே வைத்தால்தான் உண்டு. இவ்வளவு சிரமம் எதற்குத் தம்பி என்று கேட்டதற்கு அவர்களில் ஒருவன், "அக்கா, இதுல நீங்க வைக்காத எதுவும் உங்க கைக்குக் குறுக்கே வராது" என்றான். அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

அந்த மனையில் அவர்கள் எழுப்பியது ஐ3 என்னும் சாளர மேலாளர். ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் 2009-இல் வெளியிட்டது. இதில் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறைத்துக்கொள்வதில்லை. தரையில் கல் பாவியதுபோல் திரையைப் பங்கிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக நிற்கின்றன. இடது பாதியில் ஸ்கேன் செய்த பத்திரம், வலது பாதியில் என் மொழிபெயர்ப்பு, இரண்டுக்கும் இடையே போய்வர இரண்டு விசைகள். நிரல்களைத் திறப்பது, மூடுவது, அடுத்த பணித்தளத்துக்கு, அதாவது வேறு சாளரங்கள் நிற்கும் இன்னொரு திரைக்கு, தாவுவது என எல்லாம் விசைப்பலகையில் இருந்தே நடக்கும். எந்த விசை எதைச் செய்ய வேண்டும் என்பது ஒரே ஓர் உரைக் கோப்பில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஏற்றினால் அடுத்த நொடியே அது நடைமுறைக்கு வந்துவிடும். பத்திரங்களைப் பார்க்க சதுரா என்னும் பிடிஎஃப் நிரலை வைத்துக் கொடுத்தார்கள். ஜே-யைத் தட்டினால் பக்கம் கீழே இறங்கும், கே-யைத் தட்டினால் மேலே ஏறும். ஐபஸ் என்னும் மொழி உள்ளீட்டு நிரல் வழியாக, நான் தட்டச்சுப் பொறியில் கற்ற அதே பழைய தட்டச்சு முறையில் தமிழும் வந்துவிட்டது. மொழி மாற்றும் விசையும் ஐ3-இன் வேறொரு விசையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதைத் தீர்க்க மட்டும் ஒரு முழு இரவு பிடித்தது. தம்பிகளே, அந்த இரவு நீங்கள் மூவரும் ஒரே பொட்டலம் பரோட்டாவைப் பகிர்ந்து சாப்பிட்டதை நான் மறக்கமாட்டேன்.

ஆனாலும் வலி போகவில்லை. மவுஸை அடியோடு விட்ட பிறகும் மதியத்துக்குள் தோள் எரிந்தது. குறை எங்கே என்று தம்பிகளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு உழைத்தவர்களிடம் இன்னும் வலிக்கிறது என்று சொல்ல நாவெழாமல் சும்மா இருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் எனக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த சார். செல்லூரில் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சிம்மக்கல் பக்கம் அவர் வேலை பார்த்த பயிலகத்தில்தான் நான் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் இளநிலையும் 45 சொல் வேகத்தில் முதுநிலையும் தேறினேன். அந்தப் பயிலகம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. செய்தி கேள்விப்பட்டு, இரண்டு பேருந்து மாறி, உடல்நலம் விசாரிக்கத்தான் வந்தார். விசாரித்து முடித்ததும், "நீ வேலையப் பாரும்மா, நான் இப்படி உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, என் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் ஒரு சொல் பேசவில்லை. திரையை அவர் பார்க்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முழங்கைகளை. பிறகு கேட்டார்: "எல்லா விரலும் வேலை செய்யுது. இந்த இடது கட்டைவிரல் மட்டும் ஏம்மா சும்மா இருக்கு?"

தட்டச்சு பயின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் ஆழம் தெரியும். இடைவெளிப் பட்டையை வலது கட்டைவிரலால் தட்டத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இடது கட்டைவிரலுக்குப் பாடத்தில் இடமே கிடையாது. ஐ3-இலோ ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு துணைவிசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். தம்பிகள் அதற்கு விண்டோஸ் விசையைத் தேர்ந்திருந்தார்கள். அதை எட்ட என் இடது கை முழுவதும் வளைந்து கீழே இறங்கியது, அதைச் சமன்செய்ய உடம்பு சாய்ந்தது, சாய்ந்த உடம்போடு சேர்ந்து வலது தோள் மேலே ஏறியது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை இப்படி ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. சாருக்கு லினக்ஸ் தெரியாது, ஐ3 தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: இடைவெளிப் பட்டைக்குப் பக்கத்தில் இடது கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு விசை இருக்கிறது, அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். அது ஆல்ட். தொலைபேசியில் இதைக் கேட்ட தம்பி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தான். பிறகு ஆல்ட்டையும் விண்டோஸையும் இடம் மாற்றும் ஒரே ஒரு வரியை எழுதச் சொன்னான்.

அடுத்து என் வலது கையைக் காட்டினார். தம்பிகள் விம் என்னும் உரை எழுதும் நிரலின் பழக்கத்தில் வளர்ந்தவர்கள், அதில் நகர்வதற்கு இந்த எழுத்து விசைகள்தான். எனவே சாளரத்துக்குச் சாளரம் நகர ஹெச், ஜே, கே, எல் என்று மாற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை இடது பக்கம் போகும்போதும் என் ஆட்காட்டி விரல் ஹெச்-சுக்குத் தாவியது, கையும் கூடவே நகர்ந்தது. "செமிகோலன்ல இருந்து சுண்டுவிரல் எதுக்கு எந்திரிக்குது? முதல் பாடம் மறந்துபோச்சா?" என்று கேட்டார். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிலகத்தின் படியேறிய எவருக்கும் இது தூக்கத்தில்கூட வரும். நல்ல செய்தி என்னவென்றால், ஐ3-இன் இயல்பான அமைப்பிலேயே நகர்வு விசைகள் ஜே, கே, எல், செமிகோலன்தான். வலது கையின் நான்கு விரல்களும் ஓய்வாக இருக்கும் அதே நான்கு இடங்கள். மாற்றியதைத் திரும்ப எடுத்ததோடு வேலை முடிந்தது.

இத்தோடு அவர் போயிருந்தாலும் நான் ஆயுளுக்கும் கடன்பட்டவள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் நின்றார். கையில் ஓர் அட்டை. மூலையில் மஞ்சள் தடவிய பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் வெற்றுப் பக்கத்தில், அளவுகோல் வைத்துக் கோடிழுத்து, மை பேனாவால் எனக்கென்று ஒரு பாடம் எழுதியிருந்தார். முதல் வரியில் கட்டைவிரலோடு ஜே, கட்டைவிரலோடு செமிகோலன், பத்து முறை. இரண்டாம் வரியில் கே, எல். மூன்றாம் வரியில் பணித்தளங்களுக்கான எண்கள்: 1-க்குச் சுண்டுவிரல், 2-க்கு மோதிரவிரல், 3-க்கு நடுவிரல். நான்காம் வரியில் எல்லாம் கலந்து. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் "தோளைத் தளர்த்து" என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தார். நான் கேட்காத உதவி இது. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒன்பது நாள் காலையும் வந்தார். அட்டையைத் திரையில் சாய்த்து வைத்து, என் கைகளின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, பென்சிலால் மேசையில் தாளம் தட்டினார். வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, தாளம் தப்பினால் மட்டும் நிறுத்தினார். ஆறாம் நாள் நான் திரையைப் பார்த்துக்கொண்டே பத்திரத்திலிருந்து மொழிபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்பிலிருந்து சொற்பட்டியலுக்கும் போய் வந்துகொண்டிருந்தேன். போனது எப்போது, வந்தது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. தாளம் நின்றிருந்ததைக்கூட வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

தம்பிகள் என் கணினியை மாற்றினார்கள், சார் என் கையைப் பார்த்தார். ஒரு மேசைத்தளத்தைத் தனக்கேற்ப அமைப்பது என்றால் நிறமும் எழுத்துருவும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது என் திரையில் படமும் இல்லை, அலங்காரமும் இல்லை. என் உடம்பின் அளவெடுத்துத் தைத்ததுபோல் அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியும் இருக்கிறது. வேறு எந்தக் கணினியிலும் இனி என்னால் இப்படி உட்கார முடியாது.

சார் காசு வாங்க மறுத்துவிட்டார். அதனால் எல்லாரும் அறிய ஓர் உறுதி தருகிறேன். இந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் நிலையத்தின் முதல் மேசை, கை தோள் சரியில்லாமல் மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு உரியது. கட்டணம் கிடையாது. என் ஐ3 கோப்பில் ஒவ்வொரு விசைக்கும் மேலே எந்த விரல், ஏன் என்று தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் நகல் எடுத்துக்கொள்ளலாம். சாரின் அட்டையையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன், மூலத்தை மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.

சாளரத்தை இடம் மாற்ற ஷிஃப்டையும் சேர்த்து மூன்று விசைகளை அழுத்த வேண்டியிருக்கிறது. அங்கே மட்டும் தோள் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அதைச் சாரிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் பாடத்தோடு வருகிறார்.

நன்றியுடன்,
ஒத்தக்கடைத் தட்டச்சு நிலையத்திலிருந்து உங்கள் சகோதரி