அந்த மூலையை எடுக்க மாட்டோம்: எங்கள் ஊர் ஓய்வுபெற்ற காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பணி ஓய்வு பெற்ற காவலர் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வணக்கம்.

போன மாதம் உங்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எங்கள் ஒற்றை அறை அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தீர்கள். கோயிலுக்குள் நுழைவதுபோல் வாசலில் செருப்பைக் கழற்றினீர்கள். பழைய தோல் பெல்ட்டைக் கையில் எடுத்து, ஓட்டை எண்ணி, யார் இடுப்பு என்று சண்டை போட்டீர்கள். புறப்படும்போது ஒருவர் மட்டும் நின்று, “எல்லாம் சரிதான் தம்பி, அந்த ரேகைச் சட்ட மூலையை எடுத்துவிடு. பார்க்கிற பிள்ளைகள் போலீஸைப் பற்றி என்ன நினைக்கும்?” என்று கேட்டார். சில சாதியாரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி ரேகை வைக்கச் சொன்ன, வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் ரேகைச் சட்டம் என்பார்கள்.

கேட்டவர் என் அப்பாவோடு போலீஸ் லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தவர். என்னைத் தோளில் உட்கார வைத்துத் தேர் காட்டியவர். அவர் முகத்துக்கு நேரே ‘முடியாது மாமா’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

இந்த அறை எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அப்பா ஏட்டாக ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கினோம். கிலோ என்ன விலைக்குப் போகும் என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தபோதே நான் மூடியைத் திறந்துவிட்டேன். கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கி அரைக்கால் சட்டை, காலில் சுற்றும் பட்டி, ஒரு விசில், ஒரு பித்தளைத் தகடு. நடுவில் பிளவுபட்ட அந்தத் தகடு என்னவென்று தம்பிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சட்டைப் பொத்தானை அந்தப் பிளவில் செருகிவிட்டு பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்தால், துணியில் கறை படாது. அணிவகுப்புக்கு முந்தின இரவு அந்த வேலை என்னுடையது. தகட்டின் ஒரு ஓரம் என் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டிதான் தொடக்கம். இப்போது ஐந்து பேர் பார்த்துக்கொள்கிறோம்: நான், ஒரு முன்னாள் தபால்காரர், மருந்துக் கடைக்காரர், கல்லூரி மாணவர்கள் இருவர். சனி, ஞாயிறு மட்டும் திறப்போம். டிக்கெட் கிடையாது. உண்டியலில் விழுவது மின்கட்டணத்துக்குச் சரியாக இருக்கும். சில மாதங்களில் அதுவும் இருக்காது. ஐப்பசியில் கூரை ஒழுகி, இரண்டு குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாக விசிறிக் காற்றில் உலர்த்தினோம். சென்னை எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகத்தில் 2021இல் அரசே காவல் அருங்காட்சியகம் திறந்தது. கோவையில் 1918இல் கட்டிய ஹாமில்டன் கிளப்பிலும் ஒன்று இருக்கிறது. இரண்டும் பார்க்க வேண்டியவை. அவற்றோடு போட்டி போட நாங்கள் யார்? ஆனால் நம் ஊர் ஸ்டேஷனில் பாரா நின்றவரின் விசில் எழும்பூரில் கிடைக்காது.

இனி அந்த மூலைக்கு வருகிறேன்.

அங்கே இருப்பது இரண்டே பொருள்கள். ஒன்று, குற்றப் பரம்பரைச் சட்டப் பதிவேட்டின் ஒரு பக்க நகல். பெயர் இருந்த இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்திருக்கிறோம். பெருவிரல் ரேகை மட்டும் தெரியும். இன்னொன்று ஒரு ராதாரிச் சீட்டு, எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்தது. அந்தச் சட்டத்தில் பதிவானவர்கள் சொந்தக்காரர் வீட்டு எழவுக்கு அடுத்த ஊர் போகவும் அந்த அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் தன் தாத்தாவின் பெயரைச் சொல்லிவிட்டு, “எங்கேயும் எழுதிவிடாதீர்கள்” என்றார். எழுதவில்லை.

1871இல் வடக்கே வந்த சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947இல்தான் இங்கே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் நம் பக்கத்து ஆண்கள் ரேகை வைத்துவிட்டு, இரவானால் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கம் போனால் நினைவுத்தூண் இருக்கிறது. நான் முப்பது வருடம் பாடம் நடத்தியது, அந்தச் சட்டத்துக்கு ஆளான கள்ளர் சாதிப் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியில். முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள். அவர்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து, தாத்தாவைத் தேடி, பளபளக்கும் பொத்தானை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

உங்களில் பலரும் கேள்விப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1859இல் சட்டம் போட்டுச் சென்னை மாகாணத்தில் போலீஸ் படை அமைக்கும் முன்பே இந்த ஊர்களில் இரவுக் காவல் இருந்தது. குடிக்காவல் என்பார்கள். ஊருக்குக் காவல் நின்று, அதற்கான கூலியை நெல்லாகவும் பணமாகவும் வாங்கியவர்களில் பெரும்பகுதி, பின்னால் குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்ட அதே சாதியார்தான். அந்தக் காவலில் மிரட்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. காவல்கூலி தராத வீட்டில் மாடு காணாமல் போன கதைகளும் உண்டு. ஆனாலும் ‘காவல்’ என்ற சொல் நம் தோள்பட்டைக்கு வருமுன் அவர்கள் கையில் இருந்தது. அந்த மூலையை எடுத்துவிட்டால் நம் கதையே பாதியில் தொடங்கும்.

அப்பா இதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சட்டம் போய்விட்டது. ஆனால் மூத்த ஏட்டுகள் பழக்கத்தை விடவில்லையாம். எங்கே திருடு போனாலும் முதலில் அதே தெருவுக்குத்தான் போவார்களாம். “நானும் போனேன்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அதையும் ஒரு அட்டையில் எழுதி அந்த மூலையில் வைத்திருக்கிறேன், அப்பா என்று குறிப்பிட்டே. மாமா அதைப் படிக்காமல் நகர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, உங்களிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பதக்கம் போதுமான அளவு இருக்கிறது. குறிப்பேடு வேண்டும், பீட் என்கிற ரோந்து போன கணக்கு வேண்டும், பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதியிருந்தால் இன்னும் நல்லது. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் கையால் எழுதி வைத்த பட்டியல் ஒன்று வந்திருக்கிறது. 2024 ஜூலை 1இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் ஒரே இரவில் அது பழம்பொருள் ஆகிவிட்டது. கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. ஆளைத் திட்டுவதற்கு மட்டும் 420 அப்படியே இருக்கிறது.

கொண்டுவருமுன் தயவுசெய்து துலக்காதீர்கள். காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பூச்சி அரித்திருந்தாலும் அப்படியே கொடுங்கள். வழக்குக் கட்டு, சாட்சிகளின் பெயர் உள்ள தாள் எதுவும் வேண்டாம். தோட்டா வேண்டவே வேண்டாம். ஒருவர் பெப்பர்மின்ட் டப்பாவில் இன்னும் சுடப்படாத தோட்டாவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தால் எங்களையும் சேர்த்துத்தான் உள்ளே வைப்பார்கள். ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, ஆள் வரும்வரை ஐவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.

அம்மாக்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தது 1973இல், ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் 1992இல். எங்கள் அலமாரியில் ஒரு பெண் காவலரின் பொருள்கூட இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீருடையைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டதாக ஒரு அம்மா வாசலில் நின்று சொன்னார். அந்தச் சட்டை இன்னும் இருந்தால் கொடுங்கள் அம்மா, தையல் தெரிகிற மாதிரி வைக்கிறோம்.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ராத்திரி பீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை, நல்லதும் கெட்டதுமாக, நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் சொல்லுங்கள், மாணவர்கள் பதிவு செய்வார்கள். அப்பாவின் அட்டைக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குத் திறப்போம். படி உயரம், நான் கை பிடித்து ஏற்றிவிடுகிறேன்.

உங்கள் லைன் வீட்டுப் பையன்