பண்டாரம் எங்கே போனார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவலைப் படமாக்கும்போது குரூரம் குறைந்துபோகிறது என்று சொன்னால், 'படத்தில்தானே ரத்தம் அதிகம்' என்று உடனே பதில் வருகிறது. ரத்தம் அதிகம்தான். ஆனால் அந்த நாவல்களைப் படித்த இரவில் தூக்கத்தைக் கெடுப்பது ரத்தம் இல்லை.

ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' நாவலில் (2003) ஊனமுற்றவர்களைப் பிச்சைக்கு உட்காரவைத்துப் பிழைக்கிறார் போத்திவேலு பண்டாரம். அவர்களுக்கு அந்தத் தொழிலில் பெயர் 'உருப்படி'. விற்கலாம், வாங்கலாம். குறையோடு பிறக்கும் பிள்ளைக்கு மதிப்பு அதிகம் என்பதால் முத்தம்மை திரும்பத் திரும்பப் பிள்ளை பெற வேண்டியிருக்கிறது. இதே பண்டாரம் சாமி கும்பிடுகிறார். பெண்மக்கள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவர்களைக் கரையேற்ற வேண்டுமே என்று அலைகிறார். செய்வது பாவம் என்ற உறுத்தலே அவருக்கு இல்லை. நம் தெருவில் பார்க்கிற நல்ல தகப்பன் ஒருவரின் சாயல் அவரிடம் தெரிகிற இடத்தில்தான் வயிறு கலங்குகிறது.

இந்த நாவலிலிருந்து 2009-ல் வந்த 'நான் கடவுள்' படம் இந்தத் தொழிலைத் தாண்டவன் கையில் கொடுத்தது. பார்த்த மாத்திரத்திலேயே அவன் கொடியவன் என்று தெரிந்துவிடுகிறது. கல்யாணத்துக்கு நிற்கும் மகள்கள் அவனுக்கு இல்லை. கடைசியில் நாயகன் ருத்ரன் அவனைக் கொல்கிறான், நாமும் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வருகிறோம். நாவலில் பண்டாரத்தைக் கொல்ல எவரும் வருவதில்லை. கடைசிப் பக்கத்தில், தன்னோடு சேரவிட்டவன் தான் பெற்ற மகனே என்று ஒற்றை விரலைக் கண்டு அறிந்து முத்தம்மை போடும் கூப்பாடும் படத்தில் இல்லை. இத்தனைக்கும் வசனம் எழுதியவர் அதே நாவலாசிரியர்தான்.

பூமணியின் 'வெக்கை' (1982) கோவில்பட்டிக் கரிசலின் கதை. பதினைந்து வயதுச் சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டத்தான் போனான், ஆளே செத்துப்போனான். வீட்டில் யாரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அய்யாவும் மகனும் எட்டு நாள் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். சிறுவன் செய்த கொலையை ஒரு குடும்பம் இவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறது என்றால் அதற்கு முன் அவர்கள் என்னென்ன பட்டிருப்பார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் படமாக்கிய 'அசுரன்' (2019) அந்த வேலையை நமக்கு மிச்சமாக்கிவிட்டது. குடிசைகள் எரியும் நீண்ட முன்கதையைச் சேர்த்தது (வலுவான காட்சிதான், மறுக்கவில்லை). கதையின் பாரத்தை மகனிடமிருந்து எடுத்துத் தகப்பன் தோளில் வைத்தது. முடிவில் படிப்பைப் பற்றி அவர் அறிவுரையும் சொல்கிறார். நாவலில் இருவரும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

'எரியும் பனிக்காடு' நம் திருநெல்வேலி மாவட்டத்துக்கே உரியது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்த நாவல். இரா.முருகவேள் தமிழாக்கினார். தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். இதிலிருந்து எடுத்த 'பரதேசி' படத்தில் (2013) நாயகன் தனியாகப் போகிறான். அதற்கு முன் ஊரில் காதலும் சிரிப்புமாக நெடுநேரம் ஓடுகிறது. கூலிக் கணக்கு பார்க்கும் நாளில் பிடித்தம் போகக் கடனே மிஞ்சும் காட்சி படத்தில் இருக்கிறது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஒரு மருத்துவர் எழுதிய நாவலில் வரும் மருத்துவரை, பாட்டுப் பாடி ஆடி மதம் மாற்றுகிறவராகக் காட்டியதை ஏற்கவே முடியாது. சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 1929-ல் குத்தகைக்குப் போன மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை ஆட்டம்பாட்டத்துக்கான விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் தணிக்கையைக் காரணம் காட்டுவது வழக்கம். 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை டிவியில் போட வேண்டுமானால் வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும் என்பது உண்மை. 2011 முதல் 2017-ல் ஜிஎஸ்டி வரும்வரை, கேளிக்கை வரிவிலக்குக்குத் தமிழ்ப் பெயரோடு 'யு' சான்றிதழும் கேட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் பண்டாரம் மகளைக் கொஞ்சும் காட்சியை எந்தத் தணிக்கை உறுப்பினர் வெட்டச் சொல்வார்? சிதம்பரத்தைக் கடிந்துகொள்ளாத வீட்டை யார் வெட்டுவார்? நாவலின் உண்மையான குரூரம் 'யு' சான்றிதழிலேயே கடந்துபோகும். அதை விட்டுவிட்டு, சான்றிதழுக்குச் சிக்கலான வெட்டுக்குத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். பெரிய நடிகர் வந்தால் கடைசி இருபது நிமிஷத்தில் யாரையாவது அடித்தாக வேண்டும். அடிபட ஆள் வேண்டும் என்பதற்காகவே வில்லன் முளைக்கிறான்.

நாவலிலிருந்து வரும் படங்களுக்குத் தங்கள் நாளிதழில் விமர்சனம் எழுதும்போது மூன்று விவரங்களைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: எந்த நாவல், யார் கண் வழியாகச் சொன்ன கதை யார் கைக்கு மாறியது, முடிவில் எது விடுபட்டது. நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.