மரப்பட்டைத் துணியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் கலை என்றாலே முகமூடிகளும் மரச்சிற்பங்களும்தான் நம் பத்திரிகைகளில் இடம்பெறுகின்றன. தெற்கு உகாண்டாவின் பகாண்டா மக்கள் செய்யும் மரப்பட்டைத் துணியைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

அத்தி இனத்தைச் சேர்ந்த முதுபா மரத்தின் உட்பட்டையை மழைக்காலத்தில் உரிக்கிறார்கள். உரித்த இடத்தில் வாழை இலையைச் சுற்றிக் கட்டிவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும். பட்டை மறுபடியும் வளரும். மரத்தைச் சாகடிக்காமல் துணி எடுக்கும் இந்த அறிவு எவ்வளவு பெரியது! பட்டையை வெவ்வேறு கொட்டாப்புளிகளால் தட்டத் தட்ட அது மென்மையாகி, செம்மண் நிறத்துக்கு வருகிறது. பகாண்டா மக்களின் அரசருடைய முடிசூட்டு விழா முதல் இறுதிச் சடங்கு வரை இதற்கு இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டில் அரபு வணிகர்கள் கொண்டுவந்த பருத்தித் துணியால் இத்தொழில் நலிந்தது. 2005இல் யுனெஸ்கோ இதற்கு அங்கீகாரம் அளித்தது.

இன்று உகாண்டா கலைஞர் சனா கதேஜா பழைய காகிதத்தை மணிகளாக உருட்டி, இந்தத் துணியில் தைத்து ஓவியம்போலப் படைக்கிறார். ஜோஸ் ஹென்டோ இதில் நவீன உடைகளை வடிவமைக்கிறார். இத்தகைய படைப்புகளின் கண்காட்சிகளைப் பற்றி எழுதும்போது, கலைஞரின் பெயரோடு எந்த மரம், எந்த ஊர், பட்டையைத் தட்டியவர் யார் என்பதையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்